உதிரப் போகும் பல்தானே?

ஒரு குழந்தைக்கு முதற்பல் முளைத்துவிட்டால் அன்று வீடே களைகட்டும். பாட்டி முதல் பக்கத்து வீட்டார் வரை அனைவரும் அந்தச் சின்னஞ்சிறு வாயைத் திறந்து பார்த்து மகிழ்வர். யாழ்ப்பாணத் தமிழர் இதனை ஒரு விழாவாகவே நடத்துவர். கொழுக்கட்டை அவித்துக் குழந்தையின் தலைமேல் சொரிந்து உற்றார்க்கும் வழங்குவர். ஆறேழு ஆண்டுகள் சென்று அதே பல் விழும்போதும் அதற்கு ஒரு மரியாதை உண்டு. பசுஞ்சாணத்தில் பொதிந்து கூரைமேல் எறிவது நம் சிற்றூர்களின் வழக்கம். முளைக்கும்போது கொண்டாட்டம், விழும்போது சடங்கு. இடைப்பட்ட காலத்திலோ அப்பல்லை ஏறிட்டுப் பார்ப்பார் இல்லை. "பால்பல்தானே, எப்படியும் உதிரப் போவதுதானே, அதற்கு ஏன் இத்தனை பாடு?" என்று கேட்கும் பெற்றோர் நம் பங்குகளில் பலர். அக்கேள்வியைச் சற்று ஆராய்வோம்.

உதிரப் போவது உண்மையே. ஆனால் எப்போது? பால்பற்கள் மொத்தம் இருபது. பெரும்பாலும் ஆறாம் மாதத்தை ஒட்டிக் கீழ்த்தாடையின் நடுப்பற்கள் முதலில் தோன்றும். இரண்டரை, மூன்று வயதுக்குள் இருபதும் நிறைந்துவிடும். முன்பற்கள் ஆறேழு வயதில் விழத் தொடங்கும் என்பதால், எல்லாமே அப்போது விழுந்துவிடும் என்று நாம் எண்ணிக் கொள்கிறோம். பின்னால் உள்ள பால் கடைவாய்ப்பற்களோ பத்து முதல் பன்னிரண்டு வயது வரை வாயில் இருந்தாக வேண்டியவை. இரண்டு வயதில் சொத்தையாகும் ஒரு கடைவாய்ப்பல்லை வைத்துக்கொண்டு அக்குழந்தை இன்னும் எட்டு, ஒன்பது ஆண்டுகள் உணவை மெல்ல வேண்டும். உடல் வளர்ச்சி முழுவதும் நடைபெறும் ஆண்டுகள் அவையே அல்லவா?

சொத்தைப்பல் உள்ள சிறு குழந்தை, "பல் வலிக்கிறது" என்று சொல்வதில்லை. அதற்கு அச்சொல் தெரியாது. அது ஒரு பக்கமாகவே மெல்லும். சோற்றை வாயிலேயே அடக்கி வைத்துக்கொள்ளும். ஆப்பிளையும் கடலையையும் கண்டால் தலையைத் திருப்பிக் கொண்டு, பாலும் பிஸ்கட்டும் மட்டுமே கேட்கும். நள்ளிரவில் எழுந்து அழும். வீட்டில் உள்ளவர்கள் அதனை அடம் என்பர், பசியின்மை என்பர், கண்ணேறு பட்டது என்றுங்கூடச் சொல்வர். எடை குறையும்போது சத்துமாவு வாங்கி வருவர். அதில் சர்க்கரையைக் கூட்டிக் கொடுப்பர். நோயே உணவாகிவிடும் கொடுமை இது. கவனியாது விட்டால் சொத்தை பல்லின் உள்நரம்பை எட்டிச் சீழ் கட்டும். பால்பல்லின் வேரடியில்தான் நிலைப்பல்லின் முளை உருவாகிக் கொண்டிருக்கிறது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். மேலுள்ள சீழ் அதனையும் ஊனப்படுத்தக் கூடும். பல்லைப் பிடுங்கிவிட்டாலோ பக்கத்துப் பற்கள் சரிந்து வந்து அவ்விடத்தை அடைத்துக்கொள்ள, நிலைப்பல் முளைக்க இடமின்றிக் கோணலாகும்.

இது ஏதோ சில குடும்பங்களுக்கு மட்டும் வரும் குறையன்று. உலக நலவாழ்வு நிறுவனம் 2022-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி உலகில் ஏறத்தாழ 51 கோடிக் குழந்தைகளின் பால்பற்களில் சொத்தை உள்ளது. முழுமையாகத் தடுக்கக்கூடிய ஒரு நோய் இத்தனை குழந்தைகளை வாட்டுகிறது.

பல்வலியால் துன்புறுவோர் புனித அப்பொலோனியாவின் துணையை வேண்டுவது திருச்சபையின் பழமையான வழக்கம். அலெக்சாந்திரியாவில் 249-ஆம் ஆண்டளவில் மறைச்சாட்சியாக இறந்த இவ்வன்னையின் பற்களை அடித்து நொறுக்கினர் என்று, அக்காலத்து அலெக்சாந்திரிய ஆயர் தியோனீசியு எழுதிய மடலால் அறிகிறோம். அதனால்தான் ஓவியங்களில் அவர் கையில் ஒரு குறடும் அதில் ஒரு பல்லும் காணப்படும். பிப்ரவரி 9-ஆம் நாள் அவரது திருநாள். மன்றாடுவோம், ஆயினும் நம் சமையலறையில் நடப்பதை நாம்தாம் திருத்த வேண்டும்.

பூச்சியா, புளிப்பா?

நம் மக்கள் சொத்தையை இன்றும் "பூச்சிப்பல்" என்றே வழங்குகின்றனர். பல்லுக்குள் ஒரு புழு இருந்து அரிக்கிறது என்னும் நம்பிக்கை நமக்கு மட்டும் உரியதன்று. பாபிலோன் காலம் முதல் உலகெங்கும் இருந்துள்ளது. பிரான்சு நாட்டுப் பல் மருத்துவர் பியேர் ஃபொஷார் 1728-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் இந்தப் புழுக் கொள்கையை மறுத்தார். ஆனாலும் காதில் குழல் வைத்துப் பல்லிலிருந்து புழு எடுப்பதாகக் கூறிக் காசு பறிப்போர் நம் ஊர்ச் சந்தைகளிலும் உலவியதுண்டு.

உண்மையில் நடப்பது இது. வாயில் வாழும் நுண்ணுயிர்களுள் சில, நாம் உண்ணும் சர்க்கரையை உண்டு அமிலத்தை வெளிவிடுகின்றன. இவற்றுள் முதன்மையான ஒன்றைச் சொத்தைப் பற்களிலிருந்து பிரித்தெடுத்து 1924-ஆம் ஆண்டில் பெயரிட்டவர் கிளார்க் என்னும் ஆங்கிலேயர். பால் புளித்துத் தயிராவதை ஒத்த செயலே இதுவும். அந்தப் புளிப்பு, பல்லின் மேலுறையான எனாமலில் உள்ள சுண்ணச் சத்தைக் கரைக்கிறது. இனிப்பு உண்ட பின் ஏறக்குறைய அரைமணி நேரம் இவ்வரிப்பு நடைபெறும். பிறகு உமிழ்நீர் புளிப்பைத் தணித்து, இழந்த சத்தைப் பல்லுக்கு மீட்டுத் தரும். ஆகவே எவ்வளவு இனிப்பு என்பதைவிட, எத்தனை முறை என்பதே பெரிது. அரைமணிக்கு ஒரு முறை ஒரு பிஸ்கட்டோ மிட்டாயோ வாயில் விழுமாயின், உமிழ்நீருக்கு மீட்கும் நேரமே இல்லாது போகும். பால்பல்லின் எனாமல் நிலைப்பல்லின் எனாமலைவிட மெல்லியது. எனவே அரிப்பு மிக விரைவில் உள்ளே பாய்ந்துவிடும்.

இவ்வுண்மை நிலைநாட்டப்பட்ட வரலாறு நெஞ்சை உறுத்துவது. சுவீடன் நாட்டில் லுண்டு நகரை அடுத்த விபெஹோல்ம் மருத்துவமனையில் அறிவு வளர்ச்சி குன்றியோர் பலர் வாழ்ந்து வந்தனர். 1940-களின் பிற்பகுதியில், அரசின் ஒப்புதலோடு, அவர்களுக்கு இனிப்பைப் பல வகையிலும் ஊட்டிப் பல் எப்படிக் கெடுகிறது என்று ஆராய்ந்தனர். பல்லில் ஒட்டும் டாஃபி இதற்கெனவே செய்யப்பட்டது. உணவோடு சேர்த்து உண்ட சர்க்கரை அதிகம் கெடுக்கவில்லை. உணவு வேளைகளுக்கிடையே உண்ட ஒட்டும் இனிப்போ பற்களைச் சூறையாடிவிட்டது. வாய் திறந்து மறுக்க இயலாத எளியோரைச் சோதனைப் பொருளாக்கிய அச்செயலை நாம் ஒருபோதும் ஏற்க முடியாது. ஆயினும் அவர்கள் பட்ட துன்பத்தால் கிட்டிய அறிவை வீணாக்குவது அவர்களுக்கு நாம் செய்யும் இரண்டாவது அநீதியாகும். அந்நாட்டில் சிறுவர்க்கு வாரத்தில் சனிக்கிழமை மட்டுமே மிட்டாய் என்னும் வழக்கம் வேரூன்றியது இதன் பின்னரே.

இரவுப் புட்டி

பெரியவர்களின் சொத்தைக்கும் மழலையரின் சொத்தைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. மழலையர்க்குப் பெரும்பாலும் மேல்தாடையின் நான்கு முன்பற்களே முதலில் கெடும். கீழ் முன்பற்கள் தப்பிவிடும். இதற்குக் காரணம் பால்புட்டி. புட்டியை வாயில் வைத்தவாறே உறங்கும் குழந்தையின் நாக்கு முன்னே நீண்டு கீழ்ப்பற்களை மூடிக் காக்கிறது; பாலோ மேற்பற்களைச் சுற்றிக் குளம்போல் தேங்கி நிற்கிறது. உறக்கத்தில் உமிழ்நீர் சுரப்பது மிகவும் குறைந்துவிடும், விழுங்குவதும் குறையும். பகலில் அரைமணியில் தணியும் புளிப்பு, இரவெல்லாம் தங்கித் தன் வேலையைச் செய்யும். 1962-ஆம் ஆண்டில் எலியாஸ் ஃபாஸ் என்னும் அமெரிக்கப் பல் மருத்துவர் இதனை விரித்தெழுதி, "பால்புட்டி வாய்" என்று பொருள்படும் பெயரையும் சூட்டினார்.

அந்தப் புட்டியில் நாம் ஊற்றுவது என்ன? வெறும் பாலை மட்டும் தரும் இல்லங்கள் குறைவே. "சர்க்கரை இல்லாமல் குடிக்காது" என்று ஒரு கரண்டி. "சளி பிடிக்கும்" என்று பனங்கற்கண்டு. "வெள்ளைச் சர்க்கரைதானே கெடுதி" என்று கருப்பட்டி. கருப்பட்டியில் சில தாதுச் சத்துகள் இருக்கலாம். பல்லைப் பொறுத்தவரை அதுவும் சர்க்கரையே. நுண்ணுயிர் இவற்றுக்கிடையே வேற்றுமை பாராட்டுவதில்லை. சூப்பானில் தேன் தடவிக் கொடுக்கும் வழக்கமும் சில இடங்களில் உள்ளது. பல்லுக்கு மட்டுமன்று, ஒரு வயது நிரம்பாத குழந்தையின் உயிருக்கே தேனால் ஆபத்து நேரலாம். அதில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிரின் நஞ்சு தசைகளைச் செயலிழக்கச் செய்யும். எனவே சேனை தொடும்போதும் தேன் வேண்டா. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தேசிய உணவூட்ட நிறுவனம் 2024-ஆம் ஆண்டு வெளியிட்ட உணவு வழிகாட்டி, இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உணவில் சர்க்கரை சேர்ப்பதைத் தவிர்க்குமாறு கூறுகிறது. சர்க்கரையின் சுவையே அறியாத குழந்தை சர்க்கரை கேட்டு அழுவதில்லை. முதற்கரண்டியை இட்டது நம் கையே. கடையில் வாங்கும் குழந்தை உணவுகளின் உறையில் சர்க்கரை சேர்த்துள்ளனரா என்று பார்த்து வாங்குதல் நன்று.

தாய்ப்பாலும் பல்லைக் கெடுக்குமா என்று கேட்கும் இளந்தாய்மார்க்கு ஒன்று கூறுவோம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும், பின்னர் பிற உணவோடு இரண்டு ஆண்டும் அதற்கு மேலும் தாய்ப்பால் என்பதே உலக நலவாழ்வு நிறுவனத்தின் அறிவுரை, அதில் மாற்றமில்லை. முதலாண்டில் தாய்ப்பால் பருகும் குழந்தைகளுக்குச் சொத்தை குறைவாகவே காணப்படுகிறது. ஓராண்டுக்குப் பின் இரவெல்லாம் பலமுறை பால் குடிக்கும் குழந்தை, பகலில் இனிப்பும் தின்று பல்லும் துலக்காதிருந்தால் சொத்தை வர வாய்ப்புண்டு. அப்போது நிறுத்த வேண்டியது இனிப்பை. தொடங்க வேண்டியது பல் துலக்குவதை. தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை.

புட்டியின் மேல் நாம் இவ்வளவு குறை கூறினாலும் அதைக் கையில் எடுக்கும் தாயைக் குறை கூற நமக்கு மனமில்லை. விடியுமுன் எழுந்து பஞ்சாலைக்கோ தேயிலைத் தோட்டத்துக்கோ செல்ல வேண்டிய பெண், குழந்தையின் அழுகையை அடக்கி நான்கு மணி நேரமேனும் உறங்க விரும்புவது குற்றமா? அருகில் படுத்திருக்கும் கணவன் எழுந்து குழந்தையைத் தோளில் போட்டு உலாவினால் பாதித் தொல்லை தீரும். இதைத் தந்தையர் வாசிக்கும் இதழில் எழுதுவது தேவையென்றே கருதுகிறோம்.

பழகிய புட்டியை ஒரே இரவில் பிடுங்குவது எளிதன்று. முதலில் சர்க்கரையை நாள்தோறும் சிறிது சிறிதாகக் குறைத்து அறவே நிறுத்துக. பிறகு பாலில் நீரின் அளவைக் கூட்டிக்கொண்டே வந்தால் இரண்டு வாரத்தில் இரவுப் புட்டியில் வெறும் நீர் மட்டுமே இருக்கும். இது இரவுப் புட்டிக்கு மட்டும், ஒரு வயது கடந்த குழந்தைக்கு மட்டும். பகற்பாலில் நீர் கலத்தல் ஆகாது. வெறும் நீருக்காக எழுந்து அழும் குழந்தைகள் குறைவு. ஒரு வயதை ஒட்டி டம்ளரில் குடிக்கப் பழக்கிவிட வேண்டும். கைக்குழந்தைக்குப் புகட்ட நம்மிடம் பாலாடை இருக்கிறதே! தாயிடம் சப்பிக் குடிக்க இயலாத குறைமாதக் குழந்தைகளுக்குப் பாலூட்டப் புட்டியைவிட இது ஏற்றது என்று கண்ட மருத்துவர்கள், ஆங்கில மருத்துவ நூல்களிலும் இதனைப் "பாலாடை" என்னும் நம் பெயராலேயே குறிக்கின்றனர். நாமோ அதனைப் பரணில் போட்டுவிட்டுப் பிளாஸ்டிக் புட்டியை நாகரிகம் என்று எண்ணுகிறோம். பால்புட்டிகளை விளம்பரம் செய்வதை நம் நாட்டின் 1992-ஆம் ஆண்டுச் சட்டமே தடுத்துள்ளது என்பது பலருக்குத் தெரியாது. திருமுழுக்கு நாளில் ஞானத்தாய் கொண்டு வரும் அன்பளிப்புக் கூடையில் இன்றும் இரண்டு புட்டிகள் இருப்பதைக் காண்கிறோம். அவற்றின் இடத்தில் ஒரு பாலாடையும், முதற்பல்லுக்கென ஒரு மென்மையான சிறு பிரஷும் வைக்கலாம்.

துலக்கும் முறை

பல் முளைக்குமுன்னரே பாலூட்டிய பின் ஈரத் துணியை விரலில் சுற்றி ஈறுகளை மெல்லத் துடைக்கலாம். வாய்க்குள் கை நுழைவதற்குக் குழந்தை பழகிக்கொள்ளும். முதற்பல் தோன்றிய அன்றே பிரஷ் வந்துவிட வேண்டும். காலையில் ஒரு முறை, இரவு உறங்குமுன் ஒரு முறை. இரண்டில் ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இரவையே தேர்ந்தெடுங்கள். அதன் பின் தண்ணீரைத் தவிர வேறெதுவும் வாயில் படக்கூடாது.

பற்பசை ஃபுளோரைடு கலந்ததாக இருக்க வேண்டும். குழாயின் மேல் 1000 பி.பி.எம். என்று அச்சிட்டிருப்பது ஏற்றது. குழந்தைகளுக்கென வண்ண உறையில் விற்கும் சிலவற்றில் ஃபுளோரைடு இருப்பதே இல்லை. மூன்று வயது வரை ஒரு அரிசிமணி அளவு. மூன்று முதல் ஆறு வயது வரை ஒரு பட்டாணி அளவு. விளம்பரத்தில் காட்டுவதுபோல் பிரஷ் நிறைய நீட்டி வைப்பது வீண். குழந்தை விழுங்கினால் தீங்கும் கூட. துலக்கிய பின் துப்பினால் போதும்; நீர்விட்டுக் கொப்பளித்து மருந்தைக் கழுவிவிட வேண்டியதில்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி வாசகர்க்கு ஓர் எச்சரிக்கை: அங்கு பல இடங்களில் நிலத்தடி நீரிலேயே ஃபுளோரைடு மிகுதி. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய நீரைப் பருகி வளரும் குழந்தைகளின் நிலைப்பற்கள் பழுப்பேறிப் போகும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வகுக்கப்பட்டதே இக்குறை தீர்க்கத்தான். அங்குள்ளோர் குழந்தைக்குக் காவிரி நீரையே கொடுத்து, பற்பசை பற்றி மருத்துவரைக் கேட்டு நடப்பது நலம். சாம்பல், உப்பு, செங்கற்பொடி ஆகியவை எனாமலைத் தேய்த்துவிடும்; குழந்தைக்கு இவை வேண்டவே வேண்டா.

அழுது புரளும் குழந்தைக்கு எப்படித் துலக்குவது? இருவர் முழங்காலோடு முழங்கால் பொருந்த எதிரெதிரே அமருங்கள். குழந்தை தாயைப் பார்த்தவாறு அவர் மடியில் அமர்ந்து, தலை மற்றவர் மடியில் சாயட்டும். தாய் கைகளைப் பற்றிக்கொள்ள, மற்றவர் மேலிருந்து பார்த்துத் துலக்கலாம். ஒரு நிமிட வேலை. அழுதால் வாய் நன்றாகத் திறக்கும் என்பது ஒரு வசதியே! ஏழெட்டு வயது வரை பெரியவர் ஒருவர் துலக்கிவிட வேண்டும். அதற்குமுன் அக்கைக்கு அந்தத் திறம் வாய்ப்பதில்லை.

வீட்டில் இவ்வளவும் செய்த தாயின் உழைப்பைக் கோவிலில் நாம் கெடுத்துவிடுகிறோம். திருப்பலியில் குழந்தை சிணுங்கினால் உடனே பிஸ்கட். மறைக்கல்வி வகுப்பில் மந்திரம் சொன்னால் டாஃபி, சரியான விடைக்கு டாஃபி, வந்ததற்கே டாஃபி. அன்போடு கொடுக்கும் அருட்சகோதரியரின் மனம் நோகாது சொல்கிறோம்: ஒரு வண்ணப் படமோ பென்சிலோ கொடுத்தாலும் பிள்ளைகள் மகிழ்வர். கிறிஸ்துமசுக்குக் கல்கல்லும் கேக்கும் வேண்டும்தான். வளர்ந்த பிள்ளைகளுக்கு உணவோடு சேர்த்துக் கொடுத்து முடித்துவிடுங்கள். டப்பாவைத் திறந்து வைத்து நாள் முழுவதும் கொறிக்க விடாதீர்கள். இருமல் மருந்து, காய்ச்சல் மருந்து ஆகிய சிரப்புகளிலும் சர்க்கரை உண்டு. இரவில் கொடுத்தால் வாயைத் துடைத்த பின் உறங்க வையுங்கள்.

இனி, வந்துவிட்டதா என்று கண்டறிவது எப்படி? மாதம் ஒருமுறை பகல் வெளிச்சத்தில் குழந்தையின் மேலுதட்டை விரலால் உயர்த்திப் பாருங்கள். முன்பற்களில் ஈற்றை ஒட்டிச் சுண்ணாம்பு பூசியதுபோல் மங்கிய வெண்கோடு தெரிந்தால் அதுவே சொத்தையின் முதற்படி. இந்நிலையில் குழி விழவில்லை. இரவுப் புட்டியை நிறுத்தி ஃபுளோரைடு பற்பசையால் துலக்கினால் பல் தேறிவிடும். கோடு பழுப்பாகி விட்டால் மருத்துவரிடம் செல்லக் காலந்தாழ்த்தலாகாது. உண்மையில் முதற்பிறந்த நாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிடுவதே முறை. அங்கன்வாடிகளுக்கு ஆண்டில் இருமுறை வரும் சிறார் நலத் திட்ட மருத்துவக் குழு பற்களையும் பார்க்கும். அன்று குழந்தையை அனுப்பத் தவறாதீர்கள். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகளுக்கெனத் தனிப் பிரிவே உண்டு.

பல்லைக் குடைவார்களோ என்று அஞ்சி வீட்டில் வைத்திருப்போர்க்கு ஒரு நற்செய்தி. சில்வர் டையமின் ஃபுளோரைடு என்னும் நீர்மத்தைச் சொத்தையில் தடவினால் பல சமயம் அரிப்பு அங்கேயே நின்றுவிடும். ஊசியும் இல்லை, குடைதலும் இல்லை. தடவிய இடம் நிலையாகக் கறுத்துப் போகும் என்பதே குறை. உலக நலவாழ்வு நிறுவனம் 2021-ஆம் ஆண்டு இதனை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. முற்றிய சொத்தை உள்ள சின்னஞ்சிறு குழந்தைக்கோ மயக்கம் கொடுத்து மருத்துவமனையில் பற்களை எடுக்க நேரும். அதன் செலவும் தந்தையின் கூலி இழப்பும் ஏழைக் குடும்பத்துக்குப் பெருஞ்சுமை. கன்னம் வீங்கிக் காய்ச்சலும் கண்டால் அன்றே செல்ல வேண்டும். வீக்கம் கண்ணருகிலோ தாடைக்குக் கீழோ பரவினால் அது உயிருக்கே ஆபத்தாகும்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். ஆறாவது வயதில், எந்தப் பால்பல்லும் விழாமலேயே, கடைசிப் பால்பல்லுக்குப் பின்னால் ஒரு பெரிய கடைவாய்ப்பல் ஓசையின்றி முளைக்கும். விழாமல் வந்ததால் அதனையும் பால்பல் என்றே எண்ணி, "உதிரப் போவதுதானே" என்று விட்டுவிடுகின்றனர். அது உதிராது, வாழ்நாள் முழுவதற்குமான பல் அது. உங்கள் வீட்டில் ஆறு வயதுப் பிள்ளை இருந்தால் இன்றே வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் விளக்கோடு கடைசிவரை பாருங்கள்.